கர்ப்பத்தில் வந்த ருபெல்லாவுக்குத் தாய் பொறுப்பாவாரா?

அன்புச் சகோதரி, கருவுற்ற எட்டாவது வாரத்தில் ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையால் வந்த காய்ச்சலையும் தோல் தடிப்பையும் சாதாரணம் என்று விட்டதால்தான் குழந்தைக்குச் செவித்திறன் குறைந்தது, அதற்கு நீங்கள் சட்டப்படியே குற்றவாளி என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். படித்து மனம் கனத்தது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பிணி கவனமின்றி வாகனம் ஓட்டியதால் நேர்ந்த தீங்கைத் தவிர, பிறவிக் குறைபாட்டுக்காகக் குழந்தை தன் தாயிடம் இழப்பீடு கோர இடமளிப்பதில்லை; கனடா உச்ச நீதிமன்றமோ 1999இல் வாகன விபத்து வழக்கிலும் தாய்மீது அத்தகைய கடமையைச் சுமத்த மறுத்தது. கர்ப்பிணியின் ஒவ்வோர் அன்றாடச் செயலையும் நீதிமன்றம் அளக்கத் தொடங்கினால் அவருடைய உடலும் வாழ்வும் அவர் வசம் இராது என்ற கவலை அந்தத் தீர்ப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது.

அறப்பொறுப்புக்கு, தீங்கு வரும் என்ற அறிவும் அதைத் தடுக்கும் வழியும் கையில் இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ருபெல்லா பலருக்கு அறிகுறியே காட்டாது. தொற்றிய பின் கருவைக் காக்க உறுதியான மருந்தும் இல்லை, கருவுறுவதற்கு முன் போடும் தடுப்பூசிதான் காப்பு. நீங்கள் அன்றே மருத்துவரிடம் ஓடியிருந்தாலும் விளைவு மாறியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கணவரையும் அழைத்துச் சென்று மருத்துவர் வாயாலேயே இதைக் கேட்க வையுங்கள். கேட்புக் கருவி பொருத்துவதையும் மொழிப் பயிற்சியையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.