மெடிசின் கிடைக்காத மகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் பயோ படிச்சவள். இரண்டாம் தரமும் மெடிசினுக்குப் புள்ளி காணாது. கேன்சர் ஆராய்ச்சிதான் செய்யப்போறன் எண்டு நிக்கிறாள். டொக்டர் ஆகாமல் அது நடக்குமா? மூன்றாம் தரமும் எழுத விடட்டா?"

நடக்கும் அம்மா. நோயாளிக்கு மருந்து எழுத எம்.பி.பி.எஸ். வேண்டும். ஒரு கலம் ஏன் அடங்காமல் பிரிந்துகொண்டே போகிறது என்று தேடுவதற்கு அது கட்டாயமில்லை. புற்றுநோய் ஆய்வுகூடங்களில் உயிரியல், இரசாயனவியல், புள்ளிவிபரவியல், கணினி படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாம் தரம் எழுதுவதைப் பற்றி மகளிடமே கேளுங்கள். நோயாளியைப் பார்ப்பதில்தான் ஆசை என்றால் எழுதட்டும். ஆராய்ச்சிதான் என்றால் அந்த வருடம் வீண். சொந்தக்காரர் கேட்பார்களே என்பதற்காக எழுதுகிற பிள்ளைகளைத்தான் நான் நம் பக்கத்தில் அதிகம் பார்க்கிறேன்.

சரி, எதற்கு விண்ணப்பிப்பது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை மகளோடு சேர்ந்து புரட்டுங்கள். கொழும்பில் உயிர் இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. மகளின் ஆசைக்கு நேர்வழி அது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் உண்டு. ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் வேலை இருக்கும் என்பதால் பெற்றோருக்கு அது நிம்மதி. மட்டக்களப்பும் அம்பாறையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், மாவட்டப் பங்குக்கு மேலாக அந்த மாவட்டங்களுக்கென்று இருக்கிற 5 சதவீத ஒதுக்கீட்டிலும் நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. ஆகவே போன வருட வெட்டுப்புள்ளியை மாவட்டம் பார்த்து வாசியுங்கள்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமோ சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமோ கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். விலங்கியலோ இரசாயனவியலோ எடுத்து, நான்கு வருட விசேட பட்டமாகச் செய்யட்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றால் ஆராய்ச்சிக் கதவு பாதிதான் திறக்கும். விசேடத்துக்கு ஆள் எடுப்பது ஆரம்ப வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான். கம்பஸ் போன புதிதில் ஆறுதலாக இருக்கலாம் என்ற நினைப்பு இதில் சரிவராது. கடைசி வருட ஆய்வுக்கட்டுரைதான் பிறகு எல்லா விண்ணப்பத்திலும் பேசும். அதை யாரின் கீழ் செய்வது என்பதை மூன்றாம் வருடத்திலேயே விரிவுரையாளர்களிடம் கேட்டுத் திரிய வேண்டும்.

மகளுக்கு இந்த வேலையின் முகத்தையும் காட்டிவிட வேண்டும். 1951இல் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஹீலா என்ற புற்றுநோய்க் கலங்களை இன்றைக்கும் உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். 37 பாகை வெப்பம், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் புது ஊட்டத் திரவம். வெசாக் லீவு, தைப்பொங்கல் என்று கலம் பார்க்காது. ஒரு நாள் கை சுத்தமில்லாமல் பங்கசு புகுந்தால் மாதக்கணக்கான வேலை குப்பையில். இதைக் கேட்டும் அவள் கண் மினுங்குகிறதா என்று பாருங்கள். மார்க்கைவிட எனக்கு அது பெரிய அடையாளம்.

ஆய்வுகூடம் பிடிக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களின் தரவுகளைத் திரட்டியது. பெரும்பகுதியை இலவசமாக எடுக்கலாம். ஒரு மடிகணினியும் பைதன், ஆர் என்ற இரண்டு கணினி மொழிகளும் இருந்தால் அந்தத் தரவுகளை அலசக் கல்லடியில் இருந்தே பழகலாம். பல்கலைக்கழகம் தொடங்கும் வரை வீட்டில் இருக்கிற மாதங்களுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. அப்புறம் ஆங்கிலம்: மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் என்ற இணையத்தளத்தில் நாளுக்கு ஒரு ஆய்வுச் சுருக்கம் வாசிக்கட்டும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை கம்பஸில் முதலில் திணறுவது அங்கேதான்.

கேள்வி தேடவும் தூரம் போகத் தேவையில்லை. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிற புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் வாய்ப்புற்றுநோய் ஆய்வு நடக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் தட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எதை யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று வெளியூர் ஆய்வாளரைவிட நன்றாகத் தெரியும்.

பட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகத்திலோ பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலோ முதுமாணி செய்யலாம். இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் முதுமாணிக்கு உண்டு. கல்வி அமைச்சின் அறிவித்தலைக் கவனியுங்கள். அமெரிக்காவில் நல்ல விசேட பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். ஐந்து, ஆறு வருடம் போகும். ஆனால் விஞ்ஞானத் துறைகளில் வழமையாகப் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாதப்படியும் தருகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டவுனில் ஒரு முகவர் ஒரு வருட வெளிநாட்டு முதுமாணிக்கு வயலை ஈடு வைக்கச் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். வைக்க வேண்டாம். காசு கட்டிப் படிக்கிற ஒரு வருட முதுமாணி பலதில் ஆய்வுகூட அனுபவம் சில மாதம்தான். இசட் புள்ளி அட்டையையும் கைநூலையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்பதை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம்.