கருவும் இறைபோசோமும்: டீச்சர் பதில்கள்

(உயர்தர உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்ற கல்முனை டீச்சரிடம் வந்த கேள்விகள்)

களுவாஞ்சிக்குடி மாணவி: கருவைக் கலத்தின் மூளை என்று எழுதலாமா?

வேண்டாம், மகள். மருதமுனைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். சாறியின் மூல வடிவம் முதலாளியின் அலுமாரியைவிட்டு வெளியே போவதில்லை. பிரதிதான் தறிக்குப் போகும். கருதான் அந்த அலுமாரி; அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. அந்த மூலம். தூது ஆர்.என்.ஏ. பிரதி. அது கருத்துளை வழியே வெளியேறி, புரதம் நெய்யும் தறியான இறைபோசோமில் ஏறுகிறது. அங்கே மும்மூன்று எழுத்தாக வாசித்து அமினோ அமிலங்கள் கோக்கப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், தறியின் பாகங்களும் அலுமாரி அறையில்தான் உருவாகின்றன. கருவுக்குள் உள்ள புன்கருவில் உருவாகும் இறைபோசோமின் இரண்டு உபஅலகுகளும் தனித்தனியே வெளியே வந்து, பிரதி கிடைத்த பிறகே ஒன்றுசேர்கின்றன. படம் வரைவோர் கவனிக்க: கருவுறை இரட்டை மென்சவ்வு. ஒற்றைக் கோடு போடாதீர்கள்!

அக்கரைப்பற்று மாணவன்: இறைபோசோமின் 60எஸ், 40எஸ் உபஅலகுகள் சேர்ந்தால் 100எஸ் அல்லவா? 80எஸ் என்கிறார்களே?

எஸ் நிறை அல்ல, தம்பி. மையநீக்கும் பொறியில் படியும் வேகத்தின் அளவு. கல்லடிப் பாலத்தில் இரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போனால் வேகங்களைக் கூட்டுவீர்களா?

வாழைச்சேனை மாணவி: பற்றீரியாவில் 50எஸ், 30எஸ் சேர்ந்து ஏன் 70எஸ்?

அதே சைக்கிள்தான்.

ஏறாவூர் மாணவன்: கரு இல்லாத செங்குழியத்துக்கு ஈமோகுளோபின் எப்படி வந்தது?

என்பு மச்சையில் கரு இருந்தபோதே உற்பத்தி தொடங்கிவிடும். கருவை வெளியே தள்ளிய பிறகும், மிஞ்சிய இறைபோசோம்கள் ஓரிரு நாட்கள் வேலை செய்யும். பிறகு அவையும் போய்விடும். ஏறத்தாழ 120 நாட்கள் இருப்பதை வைத்தே காலம் தள்ள வேண்டும். கோழியின் செங்குழியத்தில் கரு உண்டு.

காத்தான்குடி மாணவி: மென்சவ்வு இல்லாத இறைபோசோம் புன்னங்கமா, அதாவது கலத்துக்குள் தனித் தொழில் செய்யும் உறுப்பா?

ஆம். தொழில்தான் முக்கியம், தோல் அல்ல.

திருக்கோவில் ஆசிரியர்: மன்னிக்க வேண்டும் டீச்சர். அப்படியானால் எந்தப் பெரிய நொதியும் புன்னங்கமாகிவிடுமே?

நன்றாக மாட்டிவிட்டீர்கள், சேர். இறைபோசோம் நொதிபோலத்தான் வேலை செய்கிறது. அதிலும் பெப்ரைட்டுப் பிணைப்பை உண்டாக்குவது அதன் ஆர்.என்.ஏ., புரதம் அல்ல. இறைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்குத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் வேறு இருவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனாலும் பெரும்பாலான நொதிகள் ஒரு வினையோடு நின்றுவிடும். இது பிரதியை வாசிக்கிறது, கோக்கிறது, நகர்கிறது. ‘மென்சவ்வற்ற புன்னங்கம்’ என்றே என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

திருக்கோவில் ஆசிரியர்: நான் ‘துணிக்கை’ என்றே சொல்லிக்கொடுப்பேன்.

சொல்லிக்கொடுங்கள் சேர். படத்தில் மட்டும் அதைச் சுற்றி மென்சவ்வு வரைய விடாதீர்கள்.

செங்கலடித் தாய்: மகனுக்கு டெட்ராசைக்ளின் என்ற பற்றீரியா எதிர்ப்பு மருந்தை எத்தனை நாள் கொடுக்கலாம்?

டொக்டரிடம் கேளுங்கள், அம்மா. அது பற்றீரியாவின் 30எஸ் உபஅலகைப் பிடிக்கும் என்பதோடு என் பாடம் முடிகிறது.

சம்மாந்துறை மாணவன்: டீச்சர், 50எஸ், 30எஸ் சேர்ந்தால் 80எஸ்தானே?

பாலத்துக்குப் போங்கள், மகன். சைக்கிள் அங்கேதான் நிற்கிறது.