வெயிட் குறைஞ்சாத்தான் ஹீல்ஸ் டான்ஸா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு கொழிஞ்சாம்பாறை. வயசு 34, ரெண்டு குழந்தைங்க, வெயிட் 78 கிலோ. கூட வேலை பாக்கற சேச்சி ஒருத்தங்க பாலக்காட்டுல ஹீல்ஸ் டான்ஸ் கிளாஸ் போறாங்க, புதுசா கத்துக்கறவங்களுக்கான பேட்ச்தான், என்னையும் வா வான்னு கூப்பிடறாங்க. ஆசையாத்தான் இருக்கு, ஆனா கல்யாண வீட்ல போட்டோ எடுத்தாலே பின் வரிசைக்குப் போயிடற ஆளு நான். ஹீல்ஸ் செருப்பு போட்டதே இல்ல. கொஞ்சம் வெயிட் குறைச்சுட்டு அப்புறம் சேரு-ன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. என்ன பண்ணட்டும்?

பதில்: இந்த வாரமே போயி சேருங்க கண்ணு. குறைச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்கள நான் கிளாஸ் எடுத்த காலத்துல நெறைய பாத்திருக்கேன், முக்கால்வாசிப் பேரு திரும்பி வரவே இல்ல, அது இன்னும் எனக்கு மனசுல உறுத்துது. நம்ம பக்கம் வள்ளி கும்மி பாத்திருப்பீங்கல்ல, பத்து வயசுப் புள்ளையும் அறுபது வயசு ஆத்தாவும் ஒரே வட்டத்துல ஆடறாங்க, அங்க யாராச்சும் நிறுத்தி எத்தன கிலோன்னு கேக்கறாங்களா? இதுக்கு மட்டும் ஏன் கேக்கணும்.

பாட்டு வீடியோவுலயும் மேடையிலயும் ஆடறாங்கல்ல, அந்த ஆட்டத்துல ஜாஸும் ஹிப்ஹாப்பும் கலந்து வளந்ததுதான் ஹீல்ஸ் டான்ஸ். பாக்க என்னமோ அழகு காட்டற மாதிரி இருக்கும், உள்ள போனா முழுக்க முழுக்க பேலன்ஸ் வேலை. நான் மொத தடவ ஹீல்ஸ் போட்டு ஆடினது 41 வயசுல, முதல் கால் மணி நேரம் என் வயிறு எப்படித் தெரியுதுன்னு கண்ணாடியவே பாத்துட்டு இருந்தேன், அப்புறம் டீச்சர் ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க, அதுக்கப்புறம் வயித்தப் பத்தி நெனைக்கவே நேரமில்ல, எடை எந்தக் கால்ல இருக்கு, பெருவிரலுக்குக் கீழ இருக்கற மேடு தரையில நல்லா அழுந்துதா, முட்டி பூட்டிக்காம இருக்கான்னு இதுலயேதான் புத்தி இருந்துச்சு. உடம்பு எப்படித் தெரியுதுங்கற கவலை போயி உடம்பு என்ன பண்ணுதுன்னு பாக்க ஆரம்பிக்கிறோம் பாருங்க, தன்னம்பிக்கைன்னு நீங்க தேடறது அங்கதான் வருது, கண்ணாடி முன்னாடி நின்னு நான் அழகு நான் அழகுன்னு சொல்லிக்கிட்டே இருந்து எனக்கு அது வந்ததில்ல.

ஆனா கால ஜாக்கிரதையா பாத்துக்கணும். கணுக்கால் மூட்டுக்குள்ள இருக்கற எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குதிகால் மேல ஏறினா அந்தக் குறுகல் பாகம்தான் மூட்டுக்குள்ள வரும், பிடிமானம் கம்மி, அதனாலதான் பாதம் உள்பக்கமா மடங்கி சுளுக்கிக்குது. அதனால மொத ரெண்டு மூணு வாரம் வெறுங்கால்லயோ சாதா ஷூவுலயோ கத்துக்குடுக்கற டீச்சரா பாருங்க. வீட்ல சிங்க் மேடையப் பிடிச்சுக்கிட்டு குதிகால மெதுவா ஏத்தி மெதுவா எறக்குங்க, 15 தடவ, அப்புறம் ஒத்தக் கால்ல 30 செகண்டு, பல்லு தேய்க்கறப்பவே பண்ணிடலாம். சின்ன வயசுல பரதநாட்டியம் கத்திருந்தா குதித்து மெட்டு அடவு ஞாபகம் வரும், முன்பாதத்துல குதிச்சு குதிகால தட்டறது, அதே கால்தான் இங்கயும் வேலை செய்யுது.

செருப்புக்கு: கட்டை ஹீல், ரெண்டு ரெண்டரை இஞ்ச் போதும், கணுக்கால சுத்தி கட்டற பட்டை கட்டாயம் வேணும். பென்சில் ஹீல் இப்போ வேண்டாம், பின்னாடி பட்டை இல்லாத மாட்டிக்கற மாடல் எப்பவுமே வேண்டாம். சாயங்காலமா கடைக்குப் போயி வாங்குங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும். அத போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்காதீங்க, பையில எடுத்துட்டுப் போங்க, நம்ம ஊரு மழைக்கு அடிப்பாகம் ஈரமானா டைல்ஸ்ல வழுக்கிடும். ஹீலுக்கு அடியில இருக்கற ரப்பர் தேஞ்சு ஆணி தெரிஞ்சா செருப்பு தைக்கறவர்கிட்ட குடுத்து மாத்திடுங்க. கிளாஸ் முடிஞ்சதும் செவுத்துல கைய வெச்சு கெண்டைக்கால நல்லா நீட்டி விடுங்க, எப்பவும் ஹீல்ஸ்லயே இருந்தா அந்தத் தசை சுருங்கிக்கும்.

நடக்கறது எப்படின்னா, ரோட்டுல குதிகால் மொதல்ல படும், டான்ஸ்ல பெரும்பாலும் முன்பாதம் மொதல்ல, குதிகால் பின்னாடி வரும். மொத மாசம் இந்த நடையும் இடுப்பு சுத்தறதும் ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் ரெண்டு தடவ எண்ணி ஆடற சின்ன ஆட்டமும் வந்தாலே எனக்கு ரொம்ப சந்தோசம்.

இன்னொண்ணு, இத சேர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க. கிளாஸ் முடிவுல வீடியோ எடுத்து ரீல்ஸ் போடறது நெறைய எடத்துல பழக்கம். எனக்கு வேண்டாம்-னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, மூஞ்சி சுளிக்கற எடமா இருந்தா வேற எடம் பாருங்க. லெக்கிங்ஸும் லூசான டீ ஷர்ட்டும் போதும். உடம்பப் பத்தி கமெண்ட் அடிக்கற டீச்சர்கிட்ட ஒரு நாள் கூட நிக்காதீங்க.

வீட்டுக்காரர்கிட்ட சண்டை வேண்டாம், ஒரு நாள் கூட்டிட்டுப் போயி காட்டுங்க. 2025-ல நம்ம கேரளா ஸ்கூல்ல சும்பா, அதான் பாட்டுக்கு ஆடற உடற்பயிற்சி, கொண்டு வந்தப்போ எவ்வளவு பேச்சு பேசினாங்க, டிரெஸ்ஸப் பத்தி, ஆம்பளப் புள்ளையும் பொம்பளப் புள்ளையும் சேந்து ஆடறதப் பத்தி. ஆடறதுன்னா பேச்சு வரத்தான் செய்யும், அதுக்காக இன்னொரு பத்து வருசம் பின் வரிசையில நிக்காதீங்க கண்ணு.

கேள்வி: எனக்கு 47 வயசு, செங்கோட்டை. காலைல எந்திரிச்சதும் குதிகால் தரையில வைக்க முடியாம வலிக்கும். நான் சேரலாமா மேடம்?

பதில்: மொதல்ல எலும்பு டாக்டர் இல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டுங்கம்மா, அதுவரைக்கும் ஹீல்ஸ் வேண்டாம். ஆனா கிளாஸ விடணும்னு இல்ல. அவங்க சரின்னா ஷூ போட்டுக்கிட்டு குதிக்காம கை, தோள், இடுப்பு அசைவெல்லாம் கத்துக்கலாம், நல்ல டீச்சர் அதுக்கு எடம் குடுப்பாங்க.

கேள்வி: நான் ஆம்பளப் பையன், காலேஜ் படிக்கிறேன், வாளையார். கத்துக்க ஆசை. கிண்டல் பண்ணுவாங்களோன்னு பயம்.

பதில்: தம்பி, ஹீல்ஸே ஆம்பளைங்க போட்டதுதான். பாரசீகத்துல குதிரை வீரங்க, குதிரை மேல உக்காந்து கால் வெச்சுக்கற அங்கவடியில கால் நழுவாம இருக்க போட்டது, 1701-ல பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி சிவப்பு ஹீல் போட்டுத்தான் படம் வரைய நின்னாரு. யானிஸ் மார்ஷல்னு பிரான்ஸ் டான்சர், கூட ரெண்டு ஆம்பளைங்களோட ஹீல்ஸ் போட்டுக்கிட்டே 2014-ல பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்ங்கற டிவி போட்டியில பைனல் வரைக்கும் போனாரு. நம்ம பொய்க்கால் குதிரை ஆடறவங்க மரக்கால்ல எத்தன உயரத்துல நின்னு ஆடறாங்க, அவங்கள யாரு கிண்டல் பண்றது? உங்க சைஸுக்கு கடையில ஹீல்ஸ் கிடைக்கறதுதான் கஷ்டம், ஆம்பளைங்க லத்தீன் டான்ஸுக்குப் போடற ஒண்ணரை இஞ்ச் ஹீல் ஷூ ஆன்லைன்ல வரும், அதுல ஆரம்பிங்க. பையங்களையும் சேத்துக்கற பேட்சான்னு மட்டும் போன்ல கேட்டுட்டுப் போங்க, சில எடத்துல பொம்பளைங்களுக்கு மட்டும்னு வெச்சிருப்பாங்க, அது அவங்க கூச்சமில்லாம ஆடறதுக்காக, அதுல வருத்தப்பட வேண்டாம்.