கிளப்பை விற்றது நீங்கள் இல்லையே!

கேள்வி: சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ரசிகன் நான். 2021-இல் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதி கிளப்பை வாங்கியதிலிருந்து, அணி ஜெயித்தாலும் மனசு முழுசாகச் சந்தோஷப்பட மாட்டேன் என்கிறது. ஆதரவை விட்டுவிடலாமா?

பதில்: எதற்கு? கிளப்பை விற்றது நீங்கள் இல்லை, உங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த உறுத்தல் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சவூதி அரசின் மனித உரிமை மீறல்கள் பற்றி யாராவது வாயைத் திறந்தாலே "மற்ற கிளப் முதலாளிகள் மட்டும் யோக்கியமா?" என்று பாய்கிற ரசிகர்களைப் பார்த்திருப்பீர்கள், முதலாளிக்கு இலவச வக்கீல்கள்! அணியை நேசிக்க அதெல்லாம் தேவையே இல்லை.

அப்புறம், ரசிகனால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்று ஒரு போட்டித் தொடரைத் தொடங்கித் தனிக்கடை போடக் கிளம்பியபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இங்கிலாந்தின் 6 கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கின. மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் வாங்கியது பிடிக்காத ரசிகர்கள் 2005-இல் தங்களுக்கென்று ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியிலோ, சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் பாதிக்கு மேல் வாக்குரிமை உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: வீரர்களின் சட்டையில் சூதாட்ட நிறுவன விளம்பரம் சரியா?

பதில்: சரியில்லை. 2025-26 சீசனோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாக, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கின் கிளப்புகள் 2023-இல் ஒப்புக்கொண்டன. சட்டைக் கைக்கும் மைதானப் பலகைக்கும் அந்த முடிவு பொருந்தாதாம்!