பிறவித் தெம்பும் கால் ரத்தக்குழாய் அடைப்பும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. 150 மீட்டர் நடந்தாலே இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. தொடை ரத்தக்குழாயில் அடைப்பு, ஏ.பி.ஐ. (கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம்) 0.68 என்று ரிப்போர்ட். ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரையோடு நடைப்பயிற்சி செய்யட்டும் என்கிறார் டாக்டர். அப்பாவுக்கோ இளமையிலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறவியிலேயே தெம்பு குறைந்த உடம்புக்கு நடை பலிக்குமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பலிக்கும். ஆனால் உங்கள் சந்தேகம் வெறும் வீண்கவலை அல்ல. பிறவித் தெம்பு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது ரத்தக்குழாய்களையும் தொடுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவை எலிகள். அமெரிக்காவில் ஸ்டீவன் பிரிட்டன், லாரன் கோக் இருவரும் 1996-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எந்தப் பயிற்சியும் தராமல் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அதிக தூரம் ஓடியவற்றை ஒரு வம்சமாகவும் சீக்கிரம் களைத்தவற்றை இன்னொரு வம்சமாகவும் பிரித்து வளர்த்தார்கள். 11 தலைமுறை கழிந்தபோது இரண்டு வம்சத்துக்கும் ஓடும் திறனில் 347 சதவீத வித்தியாசம். 2005-ல் வெளியான இந்த முடிவில் ஓட்டத்தைவிட முக்கியமான செய்தி வேறு: தெம்பு குறைந்த எலிகளுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுதல், ரத்தக்குழாய் விரிந்துகொடுக்கும் தன்மை குறைவு, தசையில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் உறுப்பு) புரதங்களும் குறைவு. யாரும் அவற்றுக்குக் கொழுப்பு ஊட்டவில்லை. தேர்ந்தெடுத்தது ஓட்டத்தை மட்டும்தான், மற்றதெல்லாம் கூடவே வந்தது.

அடைப்பு உள்ள காலுக்கு இது ஏன் பொருட்டு? வருகிற ரத்தம் கொஞ்சம். அதிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனைத் தசை உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் அப்பா எத்தனை மீட்டர் நடப்பார் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. மேலே சொன்ன எலிகளின் ஆரம்பத் தலைமுறைகளில் தெம்பின் வித்தியாசம் இதயத்தில் தெரியவில்லை, தசையில்தான் தெரிந்தது: தந்துகிகள் (தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள்) நெருக்கம், ஆக்சிஜனை உறிஞ்சும் திறன் அதிகம். இதயம் பம்ப் செய்யும் அளவு கூடியது பிந்திய தலைமுறைகளில்தான். ஆக, பிறவித் தெம்பு உள்ளவருக்கு அடைப்பு வந்தாலும் கையிருப்பு கொஞ்சம் அதிகம்.

ஆனால் இதே பிறவிக் கணக்கில் தெம்போடு சேராத இன்னொரு வரவும் உண்டு. பெரிய குழாய் அடைபட்டால் ரத்தம் பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகச் சுற்றிப் போகிறது. மெயின் ரோட்டை மறித்தால் வண்டிகள் சந்துக்குள் நுழைவதுபோல. இந்தச் சந்துகள் எத்தனை என்பது பெரும்பாலும் கருவிலேயே அமைந்துவிடுகிறது. ஆய்வகச் சுண்டெலிகளில் சி57 பிளாக் 6 என்ற இனத்துக்கு இவை நிறைய, பால்ப்-சி இனத்துக்குக் குறைவு. தொடைக் குழாயைக் கட்டினால் முதல் இனம் சில வாரத்தில் தேறிவிடும், இரண்டாவதில் திசு அழுகுவதும் உண்டு. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ராபெப்2 என்ற ஒரே மரபணுவைச் சேர்ந்தது. மனிதரில் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை ஆகியவை இருக்கிற பக்கக் குழாய்களையும் பாழாக்குகின்றன. ஓட்டப்பந்தய வீரராக இருந்தவருக்குச் சந்துகள் குறைவாகவும், அப்பாவைப் போன்றவருக்கு நிறையவும் இருக்கலாம். மூச்சு வாங்குவதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் இருக்கிறது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத இரண்டு தலைமுறைக் குடும்பத்தினருக்கு 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்து, உச்சகட்ட ஆக்சிஜன் பயன்பாட்டை முன்னும் பின்னும் அளந்தார்கள். சராசரி உயர்வு நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் அளவு. சிலருக்கு அசையவே இல்லை, சிலருக்கு ஒரு லிட்டர் வரை ஏறியது. பயிற்சிக்கு உடம்பு இணங்குவதும் ஓரளவு குடும்பவாகுதான். ஆனால் ஆரம்ப அளவுக்கும் உயர்வுக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. குறைவாகத் தொடங்கியவர் குறைவாகவே ஏறுவார் என்பது தவறு. அப்பாவின் இளமைக்கால மூச்சுவாங்கலை வைத்து இப்போதே தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி: எப்படி நடக்க வேண்டும்? வலி வந்ததும் நின்றுவிடலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: பலர் தவறு செய்வது இங்கேதான். காலையில் பூங்காவில் பேசிக்கொண்டே வலி வராத வேகத்தில் 40 நிமிடம் சுற்றுவது மனசுக்கு நல்லது, கெண்டைக்காலுக்கு அது போதாது. 2021-ல் வெளியான லைட் ஆய்வில், காலில் அடைப்போடு வீட்டிலிருந்தே நடைப்பயிற்சி செய்தவர்களை ஒரு வருடம் பார்த்தார்கள். வலி வராத வேகத்தில் நடந்தவர்களுக்கு, நடக்காதவர்களைவிடப் பெரிய லாபம் கிடைக்கவில்லை. வலியைத் தொட்டு நடந்தவர்கள்தான் முன்னேறினார்கள்.

முறை இது. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வலி தொடங்கும்படியான வேகம். வலி தொடங்கியதும் நிற்காமல், நடுத்தரத்தைத் தாண்டும்வரை தொடருங்கள். நொண்ட வைக்கும் கட்டம் வருமுன் நில்லுங்கள். வலி முழுக்க மறையட்டும், பாதி மறைந்ததும் கிளம்பினால் அடுத்த சுற்று சுருங்கிவிடும். மறுபடி நடை. நின்ற நேரத்தைக் கழித்து 30-35 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல 50 நிமிடம். வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். நிற்காமல் எட்டுப் பத்து நிமிடம் போக முடிகிறது என்றால் வேகத்தையோ டிரெட்மில்லின் சரிவையோ கூட்டுங்கள். இல்லாவிட்டால் முன்னேற்றம் அங்கேயே நின்றுவிடும்.

தொடங்குமுன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். காலில் அடைப்பு உள்ள பலருக்கு இதயக் குழாயிலும் இருக்கும். நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, நடைக்கு முன்னும் பின்னும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர் பையில் இனிப்பு வைத்திருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதம் ஒழுங்காக நடந்தேன். தூரம் இரட்டிப்பானது. ஆனால் ஏ.பி.ஐ. 0.71-லேயே நிற்கிறது. பயிற்சி வீணா? (ஈரோடு வாசகர்)

பதில்: வீணில்லை. ஏ.பி.ஐ. என்பது கணுக்காலில் எடுத்த சிஸ்டாலிக் (மேல் எண்) ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த சிஸ்டாலிக் அழுத்தத்தால் வகுத்த எண், அதுவும் படுத்திருக்கும்போது எடுத்தது. 0.90-க்குக் கீழே அடைப்பு என்று அர்த்தம். பெரிய குழாயின் அடைப்பு நடையால் கரையாது, அதனால் அந்த எண்ணும் அதிகம் அசையாது. மாறியது தசை: மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, தந்துகிகள் முளைக்கின்றன, குழாய்ச் சுவர் விரியக் கற்கிறது, நடையின் அலுங்கலும் குறைகிறது. இந்த நோயில் எண் மாறாமலே தூரம் கூடுவது வழக்கம். நடையை நிறுத்தினால் லாபம் கரைந்துவிடும்.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் குழாய் சுண்ணாம்பேறி அமுங்காமல் போகும். அப்போது ஏ.பி.ஐ. 1.40-க்கு மேல் காட்டும். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி: புதிய ரத்தக்குழாயை வளர்க்கும் ஜீன் ஊசி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே? (கோவை வாசகர்)

பதில்: எலியில் அழகாக வேலை செய்த பல ஊசிகள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன. ரத்தக்குழாய் வளரத் தூண்டும் எஃப்.ஜி.எஃப்-1 மரபணுவைத் தசையில் ஏற்றிய டமாரிஸ் சோதனையில் 525 நோயாளிகள் பங்கேற்றார்கள், காலை வெட்டுவதும் இறப்பும் குறையவில்லை. 2011-ல் முடிவு வெளியானது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: ஆய்வக எலி இளசு, ஆரோக்கியமானது, அதன் குழாயை ஒரே நாளில் கட்டுகிறார்கள். நோயாளிக்கோ அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை, பல வருடமாக ஏறிய கொழுப்பு.

கேள்வி: தம்பிக்கு 34 வயது, பீடி குடிப்பான். கால்விரல் கறுத்து, ராத்திரியில் வலியால் எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுகிறான். நடக்கச் சொல்லலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: இப்போது கூடாது. படுத்திருக்கும்போதே வலி, கறுத்த விரல் என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். இந்த வாரமே ரத்தநாள அறுவை நிபுணரிடம் கூட்டிப்போங்கள். இளவயதுப் புகைப்பவர்களுக்கு வரும் பர்ஜர் நோயாக இருக்கலாம். அதில் பீடியை அடியோடு விடுவதே முதல் மருந்து, நாளுக்கு ஒன்று குடித்தாலும் நோய் முன்னேறும். காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், உணர்ச்சி குறைந்த தோல் வெந்துவிடும். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் தசை செத்துவிடும்.