மைனர்ஸ் ரைட் எடுத்தாயிற்று, இனி எங்கே தோண்டலாம்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொது நிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேடச் சட்டம் இடம் தருகிறது. எந்தப் பொது நிலம் என்பதில்தான் சிக்கல். பல ஆண்டுகளாக வார இறுதிகளில் தங்கம் அரிக்கும் தட்டும் கையுமாக ஓடைகளில் குந்தியிருப்பவன் என்ற ஒரே தகுதியில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கிளேட்டனிலிருந்து: மைனர்ஸ் ரைட் என்பது என்ன? எல்லோரும் எடுக்க வேண்டுமா?

பெயரைக் கேட்டதும் சங்கிலி போட்ட மைனர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. இது சுரங்கத் தொழிலாளியின் உரிமைச் சீட்டு. 1850களின் தொடக்கத்தில் இங்கே தங்கம் தோண்டியவர்கள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆத்திரம்தான் 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டில் தோண்டியவர்களுக்கும் அரசுப் படைக்கும் இடையே யுரேகா மோதலாக வெடித்தது. மறு ஆண்டே அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு பவுண்டுக்கு மைனர்ஸ் ரைட் கொண்டுவந்தார்கள். இன்று அது பத்து ஆண்டுகள் செல்லும், கட்டணம் 30 டாலரை ஒட்டி வரும், இணையத்திலேயே எடுத்துவிடலாம். தேடி எடுத்த தங்கம் உங்களுக்கே சொந்தம். சீட்டில்லாமல் தேடினால் அபராதம்.

டாண்டினாங்கிலிருந்து: சீட்டு கையில் இருக்கிறது. தேசியப் பூங்காவும் பொது நிலம்தானே, அங்கே போகலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். சீட்டு உங்களுக்குத் திறந்துவிடுவது தடை இல்லாத கிரவுன் நிலத்தை மட்டுமே. கிரவுன் நிலத்தை நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி என்று சொல்லலாம், ஆனால் இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. மாநில வனங்களில் பெரும்பகுதி திறந்திருக்கிறது. தொடங்குகிறவருக்கு அதுவே நல்ல இடம். தேசியப் பூங்காக்கள் பொதுவாக மூடியவை. ஆனாலும் கிரேட்டர் பெண்டிகோ, சில்டர்ன்-மவுண்ட் பைலட் போன்ற சிலவற்றில் குறித்துவிட்ட பகுதிகளில் மட்டும் தேடலாம். காசில்மெய்ன் டிக்கிங்ஸ் பாரம்பரியப் பூங்காவிலும் அப்படித்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பொழுதுபோக்கு, அந்தப் பக்கம் நின்றால் குற்றம்.

ஓடைகளுக்குத் தனிக் கணக்கு. சுற்றியுள்ள காடு திறந்திருந்தாலும், 1990ஆம் ஆண்டுக் கனிம வளச் சட்டத்தின் அட்டவணையில் விலக்கப்பட்ட ஆறுகளின் பட்டியல் இருக்கிறது. அவற்றில் தட்டை நனைக்கக் கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். வேலி இல்லை என்பதால் சொந்தக்காரர் இல்லை என்று ஆகிவிடாது. பூர்வகுடி மக்களின் பாரம்பரிய இடங்களையும் பழைய சுரங்கக் கட்டுமானங்களையும் கலைக்கக் கூடாது. இது எல்லா நிலத்துக்கும் பொருந்தும்.

மெல்டனிலிருந்து: இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. மாநில அரசின் ஜியோவிக் என்ற இணைய வரைபடம் இலவசம். முதலில் நில வகை, பிறகு சுரங்க உரிமங்கள் என்ற வரிசையில் அடுக்குகளைப் போட்டுப் பாருங்கள். கனிமம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மட்டும் தரும் ஆய்வு உரிமம் உள்ள இடத்தில் மைனர்ஸ் ரைட்டோடு நீங்கள் தேடலாம். ஆனால் சுரங்க உரிமமோ, சிறிய பரப்பில் தேடித் தோண்டத் தரும் ப்ராஸ்பெக்டிங் உரிமமோ உள்ள இடத்தில் உரிமம் வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அடுக்கைப் போட்டுப் பார்க்காமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். டனோலி பக்கம் அழகான பள்ளம், காலையிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு பெரியவர் வண்டியில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. தன் உரிமத்தின் எல்லைக் கம்பத்தைக் காட்டினார். அதில்தான் நான் தண்ணீர்ப் பையை மாட்டி வைத்திருந்தேன்.

பாயிண்ட் குக்கிலிருந்து: என்னென்ன கருவிகள் கொண்டுபோகலாம்?

கையால் இயங்குபவை: தட்டு, மண்வெட்டி, சிறு கடப்பாரை. மெட்டல் டிடெக்டரும் தாராளமாகக் கொண்டுபோகலாம். மண் தோண்டும் இயந்திரம், வெடி, ஆற்று மணலை உறிஞ்சும் மோட்டார் எதுவும் ஆகாது. மரத்தையோ புதரையோ வெட்டாதீர்கள். தோண்டிய குழியை அன்றே மூடுங்கள். மூடாத குழியில் கங்காரு கால் முறிந்து கிடப்பதைப் பார்த்தவனுக்கு இது சட்டமாக மட்டும் தெரியாது.

கிளென் வேவர்லியிலிருந்து: குழந்தைகளை அழைத்துப்போகிறோம். எங்கே தொடங்குவது?

முதல் நாள் பல்லாரட்டின் சவரன் ஹில்லுக்குப் போங்கள், தங்க வேட்டைக் கால ஊரைத் திரும்பக் கட்டி வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் அது. நுழைவுச் சீட்டு வாங்கினால் போதும். அங்குள்ள ஓடையில் தட்டைப் பிடித்துப் பழகலாம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் அழைத்துப்போங்கள். அரிசியில் கல் அரித்தவர்களுக்கு இந்த வித்தையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மாற்றம், அங்கே அடியில் தங்குவதை எறிவோம், இங்கே அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் 19 மடங்கு. சாதாரண மணல் மூன்று மடங்குகூட இல்லை. அதனால் தட்டை ஆட்ட ஆட்டத் தங்கம் கீழே போய்விடும்.

பிறகு காட்டுக்குப் போகும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பழைய சுரங்கக் குழிகள் புல் மூடிக் கிடக்கும். கோடையில் பாம்பு உண்டு. பழைய ஆலைக் கழிவு மண்ணில் ஆர்செனிக் இருக்கக்கூடும்; அதில் விளையாட விடவே கூடாது.

சிட்னியிலிருந்து: விக்டோரியாச் சீட்டு இங்கே செல்லுமா?

செல்லாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூ சவுத் வேல்ஸில் மாநில வனத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மைனர்ஸ் ரைட் என்றே பெயர், ஆனால் அதற்குக் காலாவதி கிடையாது.

வெரிபியிலிருந்து: உண்மையைச் சொல்லுங்கள், பெரிதாக ஏதாவது கிடைக்குமா?

1869இல் மோலியாகுல் அருகே ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் மரவேரடியில், மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கண்டெடுத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் என்ற தங்கக் கட்டியில் சுமார் 71 கிலோ சுத்தத் தங்கம் இருந்தது. அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாமல் டனோலியில் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தார்கள். 1980இல் கிங்கோவர் அருகே மெட்டல் டிடெக்டரில் 27 கிலோக் கட்டி ஒன்று அகப்பட்டது. ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் என்று பெயர். இரண்டையும் சொல்லிச் சொல்லியே இங்கே டிடெக்டர் விற்கிறார்கள்.

என்னுடைய இத்தனை ஆண்டு வசூல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியின் அடியில் கிடக்கிறது. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். மூக்குத்திக்குத் தேறும் என்றார். திருகாணிக்கு இன்னும் கொஞ்சம் அலைய வேண்டும்.