செங்கோட்டைக் கணவாய் ஊர்களில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொன்னவர் காரை விட்டு இறங்காமல் கொல்லம் போனவராக இருக்கும். நீங்களும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, புளியரை எஸ் வளைவில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பும் யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் புளியரைதான் ஊர். சொந்த ஊர்ப் பெருமை என்று யாராவது வந்து எழுதுவார்கள். எழுதட்டும்.

வடக்கேயும் தெற்கேயும் மலை ஓங்கி நிற்க, நடுவே தணிந்து கிடக்கிற இடம் எங்களுடையது. ஆனி, ஆடியில் கேரளத்து மழைக்காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் இந்தப் பக்கம் நுழையும். அதுதான் சாரல். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆச்சி அடுப்புக்கு மேலே கொடி கட்டி என் பள்ளிக்கூடச் சட்டையை உலர்த்துவாள். புகை வாசத்தோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். அதே நாளில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வெயில் கொளுத்தும்.

ஆரியங்காவு அய்யப்பன் கோயிலுக்கு அவளோடு மீட்டர் கேஜ் ரயிலில் போவேன். 1904இல் திறந்த பாதை அது. ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு எஞ்சின் நின்று தள்ளும். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் ஆச்சி என் கையை இறுகப் பிடிப்பாள். அவள் வளையல் மணிக்கட்டில் அழுந்தும். வெளிச்சம் வரும்போது கேரளம் வந்திருக்கும். 2010இல் அந்த ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதையாக்கி 2018இல் மறுபடி ஓடியபோது ஆச்சி இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அதுவரை கேரளத்துப் பக்கம், திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. என் தாத்தாவின் பத்திரம் அதற்கு முந்தியது, மலையாளத்தில் இருக்கிறது. பட்டா மாற்றப் போன இடத்தில், "இது வேற மாநிலத்துப் பத்திரம்லா, அங்க போயி கேளுங்க" என்று திருப்பி நீட்டினார்கள். ஏழு மாதம் அலைந்தேன். வயல் அன்றைக்கு இருந்த இடத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது. கேரளத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டுச் சம்பந்தத்தில் பாதி புனலூர்ப் பக்கம்தான்.

ஆடியில் வாருங்கள். காரைச் செங்கோட்டையில் விட்டுவிட்டு, பகலில் போகிற ரயிலில் தென்மலை வரைக்கும் சன்னலோரம் உட்கார்ந்து போங்கள். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும். திரும்பும்போது புளியரையில் வயல் வரப்பில் கொஞ்சம் நில்லுங்கள், காற்று மேற்கேயிருந்து வந்து நாற்றை மொத்தமாகச் சாய்க்கும்.